பிம்பிள், ஆன்டி ரப்பர்கள்: டேபிள் டென்னிஸில் சுழற்சிக் கணக்கு தலைகீழாவது எப்படி?

எதிராளி பந்தை மெதுவாகப் புஷ் செய்கிறார். பேக்ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி) வருகிறது என்று எண்ணி நீங்கள் தூக்கி அடிக்கிறீர்கள். பந்து மேசையையே தொடாமல் பின்னால் போய் விழுகிறது. அடுத்த புள்ளியில் நீங்கள் பலமாகப் போட்ட டாப்ஸ்பின்னை (முன்னோக்கிய சுழற்சியை) அவர் கையை அசைக்காமல் பிளாக் செய்கிறார், அதாவது மட்டையை வைத்துத் தடுக்கிறார். சாதாரண பிளாக்தானே என்று அடித்தால் பந்து வலையில். இரண்டு முறையும் உங்கள் அடியில் தப்பில்லை. வந்த பந்தில் என்ன சுழற்சி இருந்தது என்பதைத்தான் தப்பாகப் படித்தீர்கள். அவர் மட்டையின் ஒரு பக்கத்தில் இருப்பது லாங் பிம்பிள் (உயரமான குட்டி முனைகள் வெளியே தெரியும் ரப்பர்) அல்லது ஆன்டி ஸ்பின் (சுழற்சியைப் பற்றாத வழுக்கும் ரப்பர்) ஆக இருக்கும்.

இந்த ரப்பர்களைக் குறுக்குவழி என்றும் ஏமாற்று வேலை என்றும் பலர் ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல. இவற்றின் நடத்தைக்குத் தெளிவான காரணம் உண்டு, அதைப் புரிந்துகொண்டவருக்கு அடுத்த பந்து என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். நீங்கள் இவற்றை மட்டையில் ஒட்டி ஆட நினைத்தாலும், எதிர்த்து ஆட வேண்டியிருந்தாலும் படிக்க வேண்டிய பாடம் ஒன்றேதான்.

எத்தனை வகை?

பெரும்பாலோர் ஆடுவது இன்வர்டட் ரப்பர். அதில் பிம்பிள்கள் எனும் சிறு ரப்பர் முனைகள் உள்ளே ஸ்பாஞ்சை (ரப்பருக்கு அடியிலுள்ள பஞ்சுப் படலத்தை) பார்த்து இருக்கும். வெளிப்பக்கம் வழவழப்பாக, பந்தைப் பற்றிக்கொள்ளும் தன்மையோடு இருக்கும். அதே தாளைத் திருப்பி, பிம்பிள்கள் வெளியே தெரியும்படி செய்தால் பந்து தொடும் பரப்பு குறைகிறது, பிடிப்பும் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பது பிம்பிளின் உயரத்தையும் பருமனையும் பொறுத்தது.

ஷார்ட் பிம்பிள் குட்டையானது, தடித்தது, வளையாதது. வரும் சுழற்சி இதை அதிகம் பாதிக்காது. நீங்கள் போடும் சுழற்சியும் குறைவாகவே ஏறும். பந்தை மேலேறும்போதே தட்டையாக, வேகமாக அடிப்பவர்களுக்கானது. 1996 ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற சீனாவின் லியு குவோலியாங் ஆடியது இதில்தான். ஜப்பானின் மிமா இட்டோ பேக்ஹேண்டில் இதை வைத்து ஆடுபவர்.

லாங் பிம்பிள் உயரமானது, மெல்லியது. உயரம் ஏறக்குறைய 1.5 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல். பந்து படும்போது பிம்பிள்கள் சாய்ந்து வளைகின்றன, பந்து வழுக்கிப் போகிறது. மீடியம் பிம்பிள் இவ்விரண்டுக்கும் நடுவே. இரண்டின் குணமும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதால் ஆடுபவருக்கே கணிக்கச் சிரமமானது. தொடக்கத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஆன்டி ஸ்பின் பார்வைக்கு இன்வர்டட் போலவே இருக்கும். ஆனால் மேல்தாள் வழுக்கும், அடியில் வேகத்தை உறிஞ்சும் மென்மையான ஸ்பாஞ்ச் இருக்கும். பந்து செத்த மாதிரி மெதுவாகத் திரும்பும். லாங் பிம்பிளின் அதே கணக்குதான் இதற்கும்.

கணக்கின் அடிப்படை

பந்து உங்கள் கண்முன்னே இடமிருந்து வலமாகப் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கடிகார முள் சுற்றும் திசையில் சுழன்றால், பந்தின் மேற்பகுதி போகும் திசையிலேயே உருள்கிறது. அது டாப்ஸ்பின். இப்போது அந்தப் பந்து ஒரு மட்டையில் பட்டு வலமிருந்து இடமாகத் திரும்புகிறது.

மட்டையில் இன்வர்டட் ரப்பர் இருந்தால் அது பந்தைப் பற்றி, பழைய சுழற்சியை நிறுத்தி, மட்டையின் அசைவுக்கேற்பப் புதிய சுழற்சியை ஏற்றி அனுப்பும். லாங் பிம்பிளில் பந்து வழுக்குகிறது; பழைய சுழற்சி பெருமளவு அப்படியே நீடிக்கிறது. கடிகார முள் திசையிலேயே சுழன்றுகொண்டு பந்து இப்போது இடப்பக்கம் போகிறது. அதன் மேற்பகுதி போகும் திசைக்கு எதிராக உருள்கிறது. அதாவது பேக்ஸ்பின். சுழற்சி மாறவில்லை, பயணத் திசைதான் மாறியது.

இதிலிருந்து எல்லாம் வருகிறது. டாப்ஸ்பின் வந்தால் பேக்ஸ்பின்னாகத் திரும்பும். பேக்ஸ்பின் வந்தால் லேசான டாப்ஸ்பின்னாகத் திரும்பும். சுழற்சியே இல்லாமல் வந்தால் ஏறக்குறைய சுழற்சி இல்லாமலே போகும். எவ்வளவு பலமாக ஏற்றி அனுப்பினாரோ, அவ்வளவு பலமாக அவருக்கே திரும்பும். பக்கவாட்டுச் சுழற்சியும் அழியாமல் தங்கும்; அதனால்தான் பக்கச் சுழற்சி சர்வீஸை லாங் பிம்பிளால் மெல்லத் தொட்டு அனுப்பினால் பந்து வளைந்துகொண்டே போகிறது.

இந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு பொருந்தாது. எந்த ரப்பரும் முழுதாக வழுக்குவதில்லை. பிம்பிள்கள் வளைந்து நிமிரும்போது கொஞ்சம் சுழற்சி ஏறும் அல்லது குறையும். பந்தை நேராக, பலமாகக் குத்தினால் பிம்பிள்கள் சாயாமல் அமுங்குகின்றன. அப்போது பந்து வேகமாகக் கிளம்பி, சுழற்சி குறைந்து, காற்றில் லேசாகத் தள்ளாடும். மட்டையை உரசிக்கொண்டு போனால் பிம்பிள்கள் பக்கவாட்டில் சாய்கின்றன. திரும்பும் சுழற்சி கூடும்.

மேசைக்கு வருவதற்கு முன்பே இதை விரலால் உணரலாம். பந்தை இன்வர்டட் ரப்பரின் மேல் லேசாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். ரப்பர் கூடவே இழுபடும். லாங் பிம்பிள் மேல் அதே அழுத்தத்தில் இழுத்தால் நுனிகள் சாய்ந்து பந்து நழுவிவிடும். பந்தில் அச்சிட்ட முத்திரையையும் கவனிக்கப் பழகுங்கள். பறக்கும்போது முத்திரை தெளிவாகத் தெரிந்தால் சுழற்சி இல்லை. கலங்கித் தெரிந்தால் சுழல்கிறது.

ஒரு ராலியைப் பிரித்துப் பார்ப்போம்

நீங்கள் பேக்ஸ்பின் சர்வீஸ் போடுகிறீர்கள். எதிராளி லாங் பிம்பிளால் புஷ் செய்கிறார். கையசைவு பேக்ஸ்பின் போலத் தெரிந்தாலும் வருவது லேசான டாப்ஸ்பின். தூக்காமல், மட்டையைச் சற்று மூடி (முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து) முன்னோக்கி டாப்ஸ்பின் போடுகிறீர்கள். நல்ல அடி. அவர் பிளாக் செய்கிறார். இப்போது வருவது கனமான பேக்ஸ்பின், அதுவும் உங்கள் சொந்தச் சுழற்சி. இந்தப் பந்தை முந்தைய பந்தைப் போலவே அடித்தால் வலை. இதை நன்றாகக் கீழிருந்து தூக்க வேண்டும், அல்லது புஷ் செய்ய வேண்டும். புஷ் செய்தால் அவரிடமிருந்து மறுபடி லேசான டாப்ஸ்பின் வரும். அது அடிக்க எளிதான பந்து.

கவனித்தீர்களா, ஒவ்வொரு பந்தையும் முடிவு செய்தது எதிராளியின் கை அல்ல, உங்கள் முந்தைய அடி. பிம்பிள் ஆட்டக்காரரை எதிர்ப்பவர் முதலில் மாற்ற வேண்டிய பழக்கம் இதுதான்: அவர் கையைப் பார்ப்பதைக் குறைத்து, தான் கடைசியாக என்ன அனுப்பினோம் என்பதை நினைவில் வைப்பது.

நீங்கள் ஆடுவதாக இருந்தால்

இன்வர்டட் ரப்பரில் டிரைவ் (முன்னோக்கிய அடி), புஷ், பிளாக், லூப் (பலமான டாப்ஸ்பின் அடி) நான்கும் கைவராத நிலையில் லாங் பிம்பிளுக்கு மாறாதீர்கள். சுழற்சியை உருவாக்கவும் படிக்கவும் தெரியாதவருக்கு, அது திரும்பிப் போவதைக் கணிக்கவும் தெரியாது. ஆரம்ப வெற்றிகள் சீக்கிரம் கிடைக்கும். எதிராளிகள் பழகியதும் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

வழக்கமான அமைப்பு, ஃபோர்ஹேண்டில் இன்வர்டட், பேக்ஹேண்டில் லாங் பிம்பிள். சீனாவின் டெங் யாபிங் பேக்ஹேண்டில் லாங் பிம்பிள் வைத்து 1992, 1996 ஒலிம்பிக்குகளில் ஒற்றையர், இரட்டையர் என நான்கு தங்கம் வென்றார். மணிகா பத்ரா 2018 காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றதும் பேக்ஹேண்டில் லாங் பிம்பிளோடுதான். இருவருமே பிம்பிளை மட்டும் நம்பியவர்கள் அல்ல. பிம்பிள் பந்தை மெதுவாக்கியோ குழப்பியோ கொடுக்கும். புள்ளியை முடிப்பது பெரும்பாலும் மறுபக்கம்.

அடுத்த கேள்வி ஸ்பாஞ்ச். லாங் பிம்பிள் தாளை ஸ்பாஞ்ச் இல்லாமலே ஒட்டலாம். ரப்பர் உறையில் இதை ஓஎக்ஸ் என்று குறிப்பார்கள். சுழற்சியைத் திருப்பி அனுப்புவதில் இது அதிகபட்சம். மேசைக்குப் பக்கத்தில் நின்று பிளாக் செய்பவர்களுக்கு இதுவே பொருத்தம். மேசையிலிருந்து 2, 3 மீட்டர் பின்னால் நின்று சாப் செய்பவர்கள் (பந்தை மேலிருந்து கீழாக வெட்டி பேக்ஸ்பின்னோடு அனுப்புபவர்கள்) 0.5 முதல் 1.5 மி.மீ. வரை ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்வார்கள். ஸ்பாஞ்ச் பந்தைக் கொஞ்சம் உள்வாங்குவதால் சொந்தச் சுழற்சியும் சேர்க்க முடிகிறது. 2003 உலகச் சாம்பியன்ஷிப் ஒற்றையர் இறுதிப்போட்டி வரை போன தென்கொரியாவின் ஜூ சே-ஹ்யூக் இந்தப் பாணிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு: பேக்ஹேண்டில் பின்னால் நின்று சாப், வாய்ப்புக் கிடைத்ததும் ஃபோர்ஹேண்டில் லூப்.

மட்டையின் மரம் மெதுவானதாக இருக்கட்டும். ஸ்பாஞ்ச் இல்லாதபோது மரத்தின் வேகம் நேரடியாகப் பந்துக்குப் போகிறது. கார்பன் சேர்த்த வேகமான மரத்தில் ஓஎக்ஸ் ஒட்டினால் சாதாரண பிளாக்கூட மேசையைத் தாண்டும். ஐந்து அடுக்கு முழு மரத்தாலான ஆல்ரவுண்ட் அல்லது டிஃபென்ஸ் வகை போதும்.

மட்டையின் கோணம்தான் முதலில் குழப்பும். இன்வர்டட்டில் டாப்ஸ்பின்னை பிளாக் செய்ய மட்டையை மூடுகிறோம், இல்லாவிட்டால் பந்து மேலே ஏறிவிடும். லாங் பிம்பிளில் அந்தச் சுழற்சி பிடிக்காது, பந்து ஏறாது. பழைய பழக்கத்தில் மூடினால் பந்து நேராக வலைக்குள் போகும். மட்டையை ஏறக்குறைய செங்குத்தாக வையுங்கள். பேக்ஸ்பின்னுக்கும் அதேபோல்: இன்வர்டட்டில் மட்டையை நன்றாகத் திறந்து (முகத்தை மேல்நோக்கிச் சாய்த்து) புஷ் செய்வோம், இங்கே கிட்டத்தட்ட நிமிர்த்தியே முன்னோக்கித் தள்ளலாம். திறந்தால் பந்து உயரமாக மிதந்து போய் எதிராளிக்கு விருந்தாகும்.

பிளாக் செய்யும்போது பந்து துள்ளி மேலேறும் நேரத்திலேயே தொடுங்கள். பிடி தளர்வாக இருக்கட்டும். தொடும் கணத்தில் மட்டையை ஓரிரு அங்குலம் கீழ்நோக்கி இறக்கினால் அது சாப் பிளாக். பந்து குறைவான நீளத்தில், கூடுதல் பேக்ஸ்பின்னோடு விழும். பிடியை இறுக்கினால் பந்து நீளமாகப் போகும். இதில் வரும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் கோணம் அல்ல, இறுகிய கைதான்.

பேக்ஸ்பின் புஷ்ஷைப் பிம்பிளால் தாக்கவும் முடியும். பந்து துள்ளலின் உச்சியில் இருக்கும்போது, உரசாமல், தட்டையாக முன்னோக்கி அடியுங்கள். வந்த பேக்ஸ்பின் டாப்ஸ்பின்னாக மாறிப் பந்தை மேசைக்குள் இறக்கிக் கொடுக்கும். டாப்ஸ்பின் பந்தை இதேபோல் பலமாக அடித்தால் எதிர்மாறு நடக்கும்: அது பேக்ஸ்பின்னாகி, கீழே இறங்காமல் மிதந்து, மேசையைத் தாண்டும். ஆகவே டாப்ஸ்பின்னுக்கு மென்மை, பேக்ஸ்பின்னுக்குத் தாக்குதல்.

உண்மையான தலைவலி சுழற்சி இல்லாத பந்து. திருப்பி அனுப்பச் சுழற்சியே இல்லாததால் பிம்பிளுக்கு அங்கே வேலை இல்லை. மெல்லத் தொட்டால் பந்து உயர்ந்து மெதுவாக மிதக்கும். கெட்டிக்கார எதிராளிகள் இதைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். இதற்கு மூன்று பதில்கள் உண்டு. மட்டையைச் சிறிது மூடி உறுதியாக முன்னோக்கிக் குத்தலாம். காலை நகர்த்தி ஃபோர்ஹேண்டால் அடிக்கலாம். அல்லது மட்டையைக் கைக்குள் சுழற்றி, பேக்ஹேண்டிலேயே இன்வர்டட் பக்கத்தைக் கொண்டுவரலாம்; இதை ட்விடில் என்பார்கள். ட்விடில் செய்யக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியின் கழுத்தைப் பற்றிச் சுழற்ற வேண்டும், கண் பந்திலேயே இருக்க வேண்டும். தொலைக்காட்சி பார்க்கும்போதுகூடக் கையில் மட்டையை வைத்துப் பழகலாம். சர்வீஸை எப்போதும் இன்வர்டட் பக்கத்தில் போடுங்கள். லாங் பிம்பிளால் போடும் சர்வீஸில் சுழற்சி ஏறாது.

பயிற்சிக்கு ஒரு துணை போதும். முதலில் 10 நிமிடம் அவர் மெதுவான டாப்ஸ்பின் மட்டும் போடட்டும், நீங்கள் பிளாக் செய்யுங்கள். அடுத்த 10 நிமிடம் பேக்ஸ்பின் மட்டும். மூன்றாவதாக ஒரு லூப், ஒரு புஷ் என்று மாற்றி மாற்றி. இது தடையில்லாமல் போன பிறகே வரிசையைச் சொல்லாமல் போடச் சொல்லுங்கள். மூன்றாவது கட்டத்தைத் தாண்டாமல் போட்டிக்குப் போனால், கோணம் பந்துக்குப் பந்து தடுமாறும்.

ஒட்டுவதும் பராமரிப்பும்

ஓஎக்ஸ் தாள் மிக மெல்லியது, இழுத்தால் நீளும். இழுத்து ஒட்டிவிட்டால் பிம்பிள்களுக்கு இடையிலான தூரமே மாறி, ரப்பர் வேறு மாதிரி ஆடும். திரவப் பசையைவிட இருபுறமும் ஒட்டும் மெல்லிய பசைத் தாள் வசதியானது. பசைத் தாளின் ஒரு பக்க உறையை உரித்து, ரப்பரின் தட்டையான பின்பக்கத்தில் சுருக்கம் விழாமல் பதியுங்கள். மறுபக்க உறையை ஒரேயடியாக உரிக்காமல் கைப்பிடிப் பக்கத்தில் 2 செ.மீ. அளவு மட்டும் உரித்து, ரப்பரின் விளிம்பைக் கைப்பிடிக்கு மேலே நேராகப் பொருத்துங்கள். பிறகு உறையை இழுத்துக்கொண்டே ஓர் உருளையால் அல்லது கண்ணாடிப் புட்டியால் நுனி நோக்கி உருட்டிப் போங்கள். காற்றுக்குமிழ் தங்கினால் அந்த இடத்தில் பந்து செத்து விழும். கடைசியில் மட்டையைக் கவிழ்த்து வைத்து, மரத்தின் விளிம்பை ஒட்டிக் கூரான கத்தியால் வெட்டிவிடுங்கள்.

பிம்பிளுக்கு நடுவே தூசு சேரும். ஈரத்துணி அல்லது மென்மையான தூரிகை போதும். இன்வர்டட்டுக்கான, பிடிப்பைக் கூட்டும் கிளீனர்களை இதில் பயன்படுத்த வேண்டாம். அடிக்கடி பந்து படும் இடத்தில் பிம்பிள்கள் அடியோடு முறியும். விரலால் வருடினால் தள்ளாடும் பிம்பிள் முறிவுக்குத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் சில முறிந்துவிட்டால் தாளை மாற்றுங்கள். நடுவர் அனுமதிக்காமல் போகலாம்.

விதி என்ன சொல்கிறது?

உலகக் கூட்டமைப்பான ஐடிடிஎஃப் இவற்றைத் தடை செய்யவில்லை, அளவு வைத்திருக்கிறது. ஸ்பாஞ்ச் இல்லாத பிம்பிள் ரப்பர் பசையோடு சேர்த்து 2 மி.மீ.க்குள், ஸ்பாஞ்சோடு இருந்தால் 4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒரு சதுர செ.மீ.க்கு 10 முதல் 30 பிம்பிள்கள் வரை. 1999இல் பிம்பிளின் உயரம் அதன் விட்டத்தைப்போல் 1.1 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று குறைத்தார்கள். 2008இல் உராய்வே இல்லாத லாங் பிம்பிள்களுக்கு அனுமதி நின்றது. ரப்பரை வெயிலில் வைத்தோ வேதிப்பொருள் தடவியோ வழுக்கலாக்குவதும் விதிமீறல். அனுமதி பெற்ற ரப்பர்களின் பட்டியல் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், வாங்கும் முன் பெயரைப் பட்டியலில் பாருங்கள்.

நிறவிதிக்கும் இந்த ரப்பர்களே காரணம். ஒரு காலத்தில் இரு பக்கமும் ஒரே நிறத்தில், வெவ்வேறு ரப்பர்களை ஒட்டி, மட்டையைச் சுழற்றிச் சுழற்றி ஆடினார்கள். எந்தப் பக்கம் பட்டது என்று எதிராளிக்குத் தெரியவே வழியில்லை. 1980களில் இரு பக்கமும் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. இப்போது ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்கம் சிவப்பு, அல்லது 2021 முதல் அனுமதிக்கப்பட்ட இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம்.

எதிர்த்து ஆடும்போது

பலமான லூப்பைத் தொடர்ந்து போடாதீர்கள். ஒவ்வொரு லூப்பும் முந்தையதைவிடக் கனமான பேக்ஸ்பின்னாகத் திரும்பி, மூன்றாவது நான்காவது பந்தில் உங்களைச் சாய்க்கும். லூப், புஷ், லூப் என்று இடைவெளி விட்டு ஆடுங்கள். சுழற்சி இல்லாத நீளமான சர்வீஸைப் பிம்பிள் பக்கத்துக்கே போடுங்கள்; திரும்பி வரும் பந்து மெதுவாக, எளிமையாக இருக்கும். சிக்கலான சர்வீஸ் போட்டால் அந்தச் சிக்கல் உங்களுக்கே வரும். ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் நடுவே, அவர் முழங்கையை நோக்கி அடிப்பதும் பலன் தரும். எந்தப் பக்கத்தால் எடுப்பது என்று அவர் தயங்கும் நொடியில் கோணம் கெட்டுவிடும். பிம்பிளிலிருந்து வரும் பந்து வழக்கத்தைவிட மெதுவாக வரும் என்பதால் அவசரப்பட்டு முன்கூட்டியே கை வீசிவிடாமல், பந்து முழுதாகத் துள்ளும்வரை காத்திருங்கள்.

ஆட்டத்துக்கு முன் எதிராளியின் மட்டையை வாங்கிப் பார்க்க விதி உங்களுக்கு உரிமை தருகிறது. பலர் சம்பிரதாயமாக ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிம்பிளின் மேல் கட்டைவிரலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள்: எளிதாகச் சாய்ந்தால் லாங், அசையாமல் நின்றால் ஷார்ட். வழவழப்பான பக்கமாக இருந்தால் விரல் வழுக்குகிறதா, பற்றுகிறதா என்று பாருங்கள், வழுக்கினால் ஆன்டி. விளிம்பில் ஸ்பாஞ்ச் எவ்வளவு தடிமன், இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். கடைசியாக எந்த நிறத்தில் எந்த ரப்பர் என்பதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு மட்டையைத் திருப்பிக் கொடுங்கள். அவர் ட்விடில் செய்பவராக இருந்தால் ஆட்டம் முழுக்க உங்களுக்குத் தேவைப்படும் தகவல் அதுதான்.